சுவருக்குள் ஒரு பெட்டி

அன்று காலையிலும் தூள் விழுந்திருந்தது.

கடைசிக்கு முந்திய பெஞ்சின் மேல், மாவு சலிக்கும்போது சிந்தியதைப் போல வெள்ளையாகப் படிந்து கிடந்தது. சாவியம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். மாவாக இருந்தால் வழுக்கும். இது நெறநெறவென்றது. முந்தைய நாள் சாயங்காலம்தான் ஈரத்துணி போட்டு அந்தப் பெஞ்சைத் துடைத்திருந்தாள்.

அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு நேர் மேலே மேல்மாடம். அதன் முகப்பில் ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கிராதி. கிராதிக்குப் பின்னால் இருட்டு. அதற்கும் மேலே செங்கல் வளைவுக் கூரை, கவிழ்த்து வைத்த படகு மாதிரி. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. அதுதான் அவளுக்குப் பயம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டலாம். வெறும் தூளை யாரிடம் கொண்டு போய்க் காட்டுவது?

மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் அவசர அவசரமாகப் பெருக்கினாள். பீடத்தின் பக்கம் போன பிறகுதான் மூச்சு விட்டாள். சில வாரங்களாக இப்படித்தான். இருபது வருஷமாகச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வீட்டுக் கூடம் போலப் பெருக்கி வந்த கோயிலில், அவள் இப்போது திருடி மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

கோயிலின் பின்சுவரை ஒட்டிய இரண்டு அறைகளில்தான் அவர்கள் குடித்தனம். அந்த இடம் கன்னியர் மடமாக இருந்த காலத்தில் வாசல் காக்கும் சகோதரி தங்கிய அறைகள் அவை. உள்ளே போன சகோதரிகள் சாகும் வரை வெளியே வராத மடம். அதனால் கோயிலையே இரண்டாகக் கட்டியிருந்தார்கள். ஊர் ஜனம் கீழே உட்காரும். சகோதரிகள் மடத்திலிருந்து தனி மாடிப்படி ஏறி, மேல்மாடத்தில் கிராதிக்குப் பின்னால் நின்று பூசை காண்பார்கள். கீழே இருப்பவர்களுக்கு அவர்களுடைய பாட்டு கேட்கும், முகம் தெரியாது.

சாவியம்மாவின் சமையலறைச் சுவரிலும் அந்தக் காலத்து மிச்சம் ஒன்று இருந்தது. பீப்பாயை நிமிர்த்தி வைத்தது போல ஒரு மரப்பெட்டி. சுவரின் தடிமனுக்குள் நடு அச்சில் சுழலும். ஒரு பக்கம் மட்டும் திறப்பு. கோயில் பக்கமிருந்து யாராவது மருந்தோ நூல்கண்டோ வைத்தால், இந்தப் பக்கம் சகோதரி பெட்டியைச் சுற்றி எடுத்துக்கொள்வாள். கொடுத்தவர் முகம் எடுத்தவருக்குத் தெரியாது, எடுத்தவர் முகம் கொடுத்தவருக்குத் தெரியாது.

சகோதரிகள் குறைந்து குறைந்து, கடைசியில் மடத்தை மூடிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு போர்க்காலத்தில் கோயிலைச் சரக்குக் கிடங்காக்கினார்கள். வளைவுக் கூரை இரண்டு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளாமல் இருக்கக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பிகளை அப்போதுதான் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அவை மாட்டியிருந்த துளைகள் இன்றும் சுவரில் வரிசையாக, பல் போன ஈறு மாதிரி தெரியும். கம்பி போன பிறகும் கூரை நின்றது. பக்கச் சுவரைச் சகோதரிகளின் பழைய படுக்கைக் கூடம் வெளியிலிருந்து தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்ததால் நின்றது. போன வருஷம் அந்தக் கூடத்தைப் பாழடைந்த கட்டடம் என்று இடித்து, வண்டிகள் நிறுத்த இடம் செய்துவிட்டார்கள்.

குளிர்காலத்தில் மேல்மாடத்துப் பின்சுவரில் விரிசல் விழுந்தது.

பங்குத்தந்தை கூப்பிட்டுக் காட்டியது சாவியம்மாவின் புருஷனுக்குத்தான். அவர் கொத்தனார். ஊரில் பாதிச் சுவர் அவர் கட்டியது. விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் சாந்து அப்பினார்.

"இதுதான் ஃபாதர் சாட்சி. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி பட்டுனு விட்டுடும். விடலைன்னா சுவர் தூங்குதுன்னு அர்த்தம்."

விஷயம் பங்குத்தந்தைக்கும் சாவியம்மாவுக்கும் மட்டும் தெரியும். வீட்டில் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். "விரிசல் கிரிசல்னு வெளியே வாயைத் திறக்காதே. சம்பந்தி வீட்ல சகுனம் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க" என்று கொத்தனார் சொல்லிவிட்டார். முழங்கால் வலியால் அவரால் அந்தச் சுற்றுப்படியை அடிக்கடி ஏற முடியாது. கீழே நின்று கிராதி வழியாக டார்ச் அடிப்பார். கண்ணாடி பளிச்சென்று மின்னும். "தூங்குது" என்பார்.

ஆனால் தூள் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியும் சுற்றாமல் நின்றுவிட்டது.

"என்னங்க, இந்தப் பெட்டி அசைய மாட்டேங்குது" என்றாள் ஒருநாள். "ரெண்டு கையால தள்ளினாலும் பிடிச்சிட்டு நிக்குது. மேலேருந்து எதுவோ அமுக்குற மாதிரி."

"மழைக்காலம். மரம் ஊதியிருக்கும்."

"போன மழைக்கு ஊதலையே."

"இந்த மழைக்கு ஊதியிருக்கு. ஏன், உள்ள இருக்கிற கன்னியாஸ்திரி பிடிச்சு இழுக்குறாங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு நிஜமாவே அடிவயிறு கலங்குது."

"கண்ணாடி உடைஞ்சா கலங்கு. அதுவரைக்கும் எனக்கு ஒரு டீ போடு."

அந்தப் பெட்டிதான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தது. மேல்மாடத்து வட்ட ஜன்னலைச் செப்பனிட வந்த கண்ணாடிக்காரன் அவன். மகளுக்கு வீட்டில் குருவி என்று பெயர். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், வாயும் ஓயாது. வேலைக்காரருக்கு டீ கொடுக்கக் கோயிலைச் சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, கோப்பையைப் பெட்டியில் வைத்துச் சுற்றிவிட்டாள். காலிக் கோப்பை திரும்பி வந்தபோது அதற்குள் ஒரு நீலக் கண்ணாடித் துண்டு இருந்தது, கையைக் கிழிக்காதபடி ஓரம் தேய்த்து. மறுநாள் பச்சை. அதற்கு மறுநாள் டீயோடு இரண்டு பிஸ்கட் போயிற்று. முகம் பார்க்காமலே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று கொத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கல்யாணத்தை இந்தக் கோயிலில்தான் வைக்க வேண்டும் என்று குருவி பிடிவாதம் பிடித்ததும் அதனால்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மழை வலுத்தது. மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் கோயில் அலங்காரத்துக்காகக் காலையிலேயே வந்திருந்தார்கள். அவனுடைய பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் கோயிலுக்குள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா, மறுநாள் வரப்போகும் தன் தங்கச்சியைக் குறை சொல்லிக்கொண்டே, மேல்மாடத்தில் பூத்தொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், "வேலை முடியாம எனக்குச் சாப்பாடு இறங்காது" என்று மேலிருந்தே குரல் கொடுத்தாள்.

சமையலறை மேஜையில் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் இருந்தன. கொத்தனார் மாப்பிள்ளையின் தட்டில் தன் கையாலேயே இன்னொரு முட்டையை வைத்தார்.

"சாப்பிடு மாப்பிள்ளை. நாளைக்கு நிக்கணும்ல."

"போதும் மாமா." அவன் ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு, ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை இறக்கி வைக்கிறவன் போலச் சிரித்தான். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"கல்யாணத்தை நிறுத்தணும்னு மட்டும் சொல்லாதே. நாற்காலி போட ஆரம்பிச்சாச்சு" என்றாள் குருவி.

"நீ சும்மா இரு. மாமா, மேல பின்சுவர்ல நீங்க ஒரு கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கீங்களே, அது எதுக்கு?"

கொத்தனார் ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டார். "ஏன்?"

"நான் ஜன்னல் வேலை செஞ்சப்போ ஒருநாள் பார்த்தேன், நடுவுல கீறி இருந்துச்சு. சரி, நம்ம சுத்தியல் அதிர்ச்சியில போயிருக்கும்னு நினைச்சேன். உங்ககிட்ட சொன்னா, கை சுத்தமில்லாதவன், இவனுக்கா பொண்ணைக் கொடுக்கிறதுன்னு நினைப்பீங்களேன்னு பயம். அதே அளவுல ஒரு சில்லு வெட்டி, நீங்க வச்ச மாதிரியே சாந்து பூசி வச்சுட்டேன். அச்சு அசலா இருக்கும். திரும்பவும் உடைஞ்சுது. திரும்பவும் மாத்தினேன். எத்தனை தடவை மாத்தியிருப்பேன்னு எனக்கே தெரியலை."

கொத்தனார் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

"அதுல சந்தோஷம் என்னன்னா மாமா," அவன் உற்சாகமாகத் தொடர்ந்தான், "ஜன்னல் வேலைதான் போன வாரமே முடிஞ்சுதே. நான் சுத்தியலையே தொடலை. இப்போ அம்மாவுக்குத் தொட்டி தூக்கப் போனேன், பார்த்தா மறுபடியும் உடைஞ்சு கிடக்கு. அப்போ அது என் தப்பு இல்லைதானே?"

கொத்தனாரின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. அவர் முகம் சுண்ணாம்பு அடித்தது போல ஆயிற்று.

"பாவி," என்றார். "காயத்தைத் துடைச்சுத் துடைச்சுப் பவுடர் பூசி வச்சிருக்கியே. நான் கீழ நின்னு டார்ச் அடிச்சுட்டு, ஆஹா தூங்குதுன்னு..."

"என்ன மாமா? என்ன தூங்குது?"

சாவியம்மாவுக்கு அந்த நேரத்தில் தூள் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு காலையும் தலைக்கு மேலே எது உதிர்ந்துகொண்டிருந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதே இடத்தில்தான் இப்போது சம்பந்தியம்மா நிற்கிறாள். பூத்தொட்டிகளோடு.

மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அம்மா மேல இருக்காங்க!"

"ஓடாதே," என்று அவன் சட்டையைப் பிடித்தாள் சாவியம்மா. "நீ ஓடிப்போய்க் கத்தினா அவங்க பயந்து தடதடன்னு ஓடி வருவாங்க. அந்த மாடம் தாங்குமோ என்னவோ. நீ கோயிலுக்குள்ள போ. நாற்காலி போடுற பசங்களை ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பு, சாப்பாட்டுக்குக் கூப்பிடுற மாதிரி. உங்க அம்மாவை நான் கூட்டிட்டு வரேன்."

"நீயா?" என்றார் கொத்தனார். "நான் போறேன்."

"உங்க காலை வச்சுக்கிட்டு அந்தப் படியில பாதியில உட்கார்ந்துட்டா, உங்களை யார் தூக்குறது? எல்லாரும் முற்றத்துல போய் நில்லுங்க. குருவி, அப்பாவைப் பிடிச்சுக்கோ."

சுற்றுப்படி குறுகலானது. ஒவ்வொரு படியும் சகோதரிகளின் காலடி பட்டு நடுவில் குழிந்திருக்கும். சாவியம்மா சுவரைத் தொடாமல் ஏறினாள். தொட்டால் விழித்துக்கொள்ளுமோ என்று இருந்தது.

சம்பந்தியம்மா கிராதியில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். நல்ல ஆகிருதி. அவள் நடந்தபோது பலகைத்தளம் முனகியது. பின்சுவரில், அவள் தோளுக்கு மேலே, விரிசல் போய்க்கொண்டிருந்தது. சாவியம்மா முன்பு பார்த்தபோது அது கோடு. இப்போது அதற்குள் விரல் போகும். குறுக்கே இருந்த கண்ணாடி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மேலேயும் ஒரு பாதி கீழேயுமாக விலகியிருந்தது.

"வாங்க, வாங்க. இந்த முடிச்சு நேரா இருக்கா பாருங்க."

"ரொம்ப அழகா இருக்கு. கீழ வாங்க, சாப்பாடு ஆறுது."

"ஆறட்டும். இன்னும் நாலு தொட்டி இருக்கு. நீங்க ஒரு கை பிடிச்சா அந்தப் பக்கம் நகர்த்திடலாம்."

"வேண்டாம்!" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எங்கோ மேலே, வாதுமைக்கொட்டை உடைவது போல ஒரு சின்னச் சத்தம். சாவியம்மா குரலைத் தாழ்த்தினாள். "பிறகு பார்த்துக்கலாம் சம்பந்தியம்மா."

"நான் செய்யறது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. காலையிலேருந்து பார்க்கிறேன், நான் இந்த மாடத்துக்கு ஏறினதே உங்களுக்குப் பிடிக்கலை. உங்க கோயில், உங்க சாவி, சரி. என் மகன் கல்யாணத்துக்கு ஒரு ரிப்பன் கட்ட எனக்கு உரிமை இல்லையா?"

உண்மையைச் சொன்னால் அலறுவாள். கெஞ்சினால் அசைய மாட்டாள். சாவியம்மா கிராதியைப் பார்த்தாள், விரிசலைப் பார்த்தாள், சம்பந்தியம்மாவின் தோளில் லேசாகப் படிய ஆரம்பித்திருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தாள். பிறகு அவளுக்கே தெரியாமல் வாயிலிருந்து ஒரு பொய் வந்தது.

"உங்க தங்கச்சி வந்திருக்காங்க."

"யாரு, அவளா? நாளைக்குத்தானே வரேன்னா."

"இப்பவே வந்துட்டாங்க. நாளைக்கு உடுத்தப்போறதைப் பிரிச்சுக் காட்டிட்டு இருக்காங்க. உங்களோடதும் அதே நிறம்தானே, அதான்..."

சம்பந்தியம்மா ரிப்பனை அப்படியே போட்டுவிட்டாள். "அதே நிறமா? வேணும்னே பண்ணியிருப்பா. சின்ன வயசுலேருந்து அவளுக்கு இதே வேலை!"

"மெதுவா வாங்க. படி வழுக்கும். மெதுவா."

அவள் பின்னால் இறங்கும்போது சாவியம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

முற்றத்தில் உண்மை தெரிந்ததும் சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பேச்சற்று உட்கார்ந்திருந்தாள். பேச்சு திரும்பியபோது வட்டியோடு திரும்பியது. "இத்தனை நாள் தெரிஞ்சு வச்சுக்கிட்டே எங்ககிட்ட மறைச்சிருக்கீங்க. இப்போ நாளைக்குக் கல்யாணத்தை வச்சுக்கிட்டு நான் வர்றவங்களை எங்க உட்கார வைப்பேன், மழையிலயா?"

பங்குத்தந்தை வந்து பார்த்தார். பொறியாளர் வர இரண்டு நாளாகும் என்று தெரிந்தது. மாடத்துக்குக் கீழே யாரும் உட்காராமல், பீடத்துக்குப் பக்கத்தில் மட்டும் நாற்காலி போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். இத்தனை காலம் நின்ற கட்டடம் ஒரு மணி நேரம் நிற்காதா என்று இன்னொருவர் கேட்டார். குருவி யாரையும் கேட்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

கடைசியில் கொத்தனார்தான் வழி சொன்னார். "நானே போய்ப் புதுக் கண்ணாடி வைக்கிறேன். காலையில பார்ப்போம். முழுசா இருந்தா சுவர் இப்போதைக்கு நின்னுடுச்சுன்னு அர்த்தம். முன்பக்கத்துல மட்டும் உட்கார வச்சு, சீக்கிரம் முடிச்சுட்டு வெளிய வந்துடலாம். உடைஞ்சிருந்தா முற்றத்துல."

மாப்பிள்ளை அவரைத் தோளில் தாங்கி மேலே கூட்டிக்கொண்டு போனான். இறங்கிய பிறகு அவன், "மன்னிச்சிருங்க மாமா" என்றான். அவர் அவன் கையில் ஒட்டியிருந்த சாந்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். "எதுக்குன்னு உன்கிட்ட சொல்லாம வச்சது நான்தானே," என்றார்.

இரவு முழுக்க மழை. சமையலறைச் சுவர் பக்கம் யாரும் படுக்கக் கூடாது என்று சாவியம்மா சொல்லிவிட்டாள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு தையற்காரர் வீட்டில் எல்லோரும் ஒண்டிக்கொண்டார்கள்.

விடிந்ததும் கொத்தனார் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு கிராதிக்குக் கீழே கொஞ்சம் தள்ளி நின்று டார்ச் அடித்தார். கண்ணாடி பளிச்சென்றது. மாப்பிள்ளை படி ஏறி மாடத்துக் கதவருகிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"முழுசா இருக்கு மாமா! ஒரு கீறல் இல்லை!"

அந்தக் குரல் முற்றத்துக்கு வந்தபோது எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. குருவி அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சம்பந்தியம்மாகூட, "நல்லவேளை, என் ரிப்பன் வீணாகலை" என்றாள். சாவியம்மா கோயில் கதவைப் பூட்டி, விருந்தினர் வந்ததும் திறப்பதாகச் சொல்லிவிட்டு, பங்குத்தந்தைக்கு டீ போடச் சமையலறைக்குப் போனாள். அவளுக்கும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. மூச்சு ஒழுங்காக வந்தது. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில், போகிற போக்கில் பெட்டியில் கை வைத்தாள்.

பெட்டி சுற்றியது.

ஒரு விரல்தான் பட்டிருந்தது. எண்ணெய் போட்டது போல, சத்தமே இல்லாமல், முழு வட்டம் சுற்றி, திறப்பு மறுபடி அவள் பக்கமாக வந்து நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. இருட்டு மட்டும். அந்த இருட்டிலிருந்து சில்லென்று காற்று வந்தது.

வாரக்கணக்கில் இரண்டு கையால் தள்ளியும் அசையாத பெட்டி. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது எது? இப்போது விட்டுவிட்டது எது? அவள் அடுப்பை அணைத்தாள். இடுப்பிலிருந்த சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கோயில் கதவுக்கு முன்னால் ஜனம் சேர ஆரம்பித்திருந்தது. தூறலில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் கதவு திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

"எங்க போனே? சாவியைக் கொண்டா," என்றார் கொத்தனார்.

"கொடுக்க மாட்டேன்."

"என்ன விளையாட்டு இது?"

"யாரையும் உள்ள விட மாட்டேன். பெட்டி சுத்துதுங்க."

"எந்தப் பெட்டி?"

"நம்ம பெட்டி. ஒரு விரல் பட்டதும் சுத்துது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சம்பந்தியம்மா முன்னால் வந்தாள். "ஒரு நாள் பெட்டி சுத்தலைன்னு பயம், இன்னொரு நாள் சுத்துதுன்னு பயம். இவங்களுக்குப் பயப்பட ஏதாவது ஒண்ணு வேணும். நேத்து என் தங்கச்சியை வச்சுப் பொய் சொன்னவங்கதானே!"

"அம்மா, ப்ளீஸ்," என்றாள் குருவி. அவள் கண்ணில் மை கலைந்திருந்தது. "கண்ணாடி உடையலைன்னு அப்பாவே சொல்லிட்டாரு. என் கல்யாணம்மா இது."

சாவியம்மா புருஷனை மட்டும் பார்த்தாள். "மரம் மழையில ஊதிடுச்சு, அதான் சுத்தலைன்னு சொன்னீங்க. சரி. நேத்து ராத்திரி பூரா மழை. ஊதின மரம் இன்னும் ஊதத்தானே செய்யும்? எப்படிங்க இளகிச்சு?"

பதில் சொல்ல நினைத்த கொத்தனாரின் கண் மெதுவாகத் தன் கட்டைவிரலுக்குப் போனது. நேற்றுச் சாந்து அப்பிய விரல். அதை இன்னொரு விரலோடு சேர்த்துத் தேய்த்தார், ஏதோ ஞாபகத்தைத் தேய்த்துப் பார்ப்பது போல.

"இந்த ஈரத்துல..." என்றார் மெதுவாக. "சாந்து இறுகியிருக்காது. இறுகாத சாந்துல கண்ணாடி உடையாது. சுவரோட வழுக்கிக்கிட்டே போகும். பெட்டியை அமுக்கிட்டிருந்த சுவர் ராத்திரியே விலகியிருக்கு."

"என்ன மாமா சொல்றீங்க?"

"எத்தனை சுவர் கட்டியிருக்கேன். இது தோணலை பார்." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அவசரம். கல்யாண அவசரம்."

குருவி விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். "உள்ள போகாதே!" என்று சாவியம்மா கத்துவதற்குள் போய்விட்டாள். திறந்திருந்த சமையலறைக் கதவு வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. அவள் பெட்டியில் விரல் வைத்தாள். எத்தனையோ கோப்பை டீயை அதற்குள் வைத்துச் சுற்றியவள், அதன் கனம் அவள் கைக்குத் தெரியும். பெட்டி பம்பரம் மாதிரிச் சுற்றியது. அவள் பின்வாங்கி, திரும்பி நடந்து வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் கோயில் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள்.

"அம்மா சொல்றது சரி. யாரும் போக வேண்டாம்."

மாப்பிள்ளை யாரையும் பார்க்காமல் வந்து அவளுக்கு அந்தப் பக்கம் நின்றான். "கதவை விட்டுத் தள்ளி நிப்போம் அத்தை. எல்லாரும் முற்றத்துக்கு நடுவுல வாங்க. அம்மா, நீயும் வா."

"நான் வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு விஷயம் தெரியணும்," என்று சம்பந்தியம்மா ஆரம்பித்தாள். அவன் அவளைத் தோளோடு அணைத்து நடத்திக்கொண்டு போனான். ஜனம் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தது. மழை, வீண் அலைச்சல், பொம்பளை பேச்சைக் கேட்டு என்றெல்லாம் குரல்கள். சாவியம்மா காதில் எல்லாம் விழுந்தன. ஒருவேளை தான்தான் தப்போ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. எதுவும் நடக்காமல் போனால் இந்த நாளை மகள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். நடந்தால்? எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல், சாவி உள்ளங்கையில் அழுந்த நின்றாள்.

முதலில் தரைதான் சொன்னது. காலுக்கடியில், கனமான வண்டி ஒன்று தெருவில் போவது போல. பிறகு உள்ளேயிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு. அதற்குப் பிறகு வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். பூட்டிய கதவு உள்ளிருந்து யாரோ உதைத்தது போல அதிர்ந்தது.

சாவியம்மா சமையலறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் பெட்டி தானாகச் சுற்றியது. வேகமாக, இன்னும் வேகமாக, கைகளே இல்லாமல். அதன் திறப்பு ஒவ்வொரு முறை இந்தப் பக்கம் வந்தபோதும் வெள்ளைத் தூளை வாரி வாரி வீசியது. அடுப்பின் மேல், மேஜையின் மேல், வாசல் தாண்டி முற்றத்தின் மேல். கதவிடுக்கிலும் உடைந்த வட்ட ஜன்னலிலும் அதே தூள் புகையாகக் கிளம்பியது. கொஞ்ச நேரம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

தூறல் மெல்ல அதைப் படிய வைத்தது. யாரோ இருமினார்கள். யாரோ பெயர் பெயராகக் கூப்பிட்டு எண்ணிப் பார்த்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். மேல்மாடமும் அதன் மேலிருந்த கூரையும், முன்பக்கத்து நாற்காலிகள் வரைக்கும், இல்லை.

சம்பந்தியம்மா தடுமாறி வந்து சாவியம்மாவின் கையைப் பிடித்தாள். கைக்குள் சாவி இருந்தது, விரல்கள் பிரியவில்லை. "நேத்து அந்த இடத்துல நான்..." என்றாள். "என் தங்கச்சியை வச்சா பொய் சொல்லணும்? வேற ஆளே கிடைக்கலையா?" என்று அழுதாள். இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

கல்யாணம் அங்கேயே நடந்தது, முற்றத்தில், தூறலில். யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. சாகும் வரை பிரியாதிருப்பீர்களா என்று கேட்க வேண்டிய இடத்தில் பங்குத்தந்தை நிறுத்திவிட்டு மணமக்களைப் பார்த்தார்.

மணமக்கள் தலையில் தூள் ஈரத்தோடு ஒட்டிப் படிந்திருந்தது. புருவம்கூட வெள்ளை. எழுபது வயதுக் கிழவனும் கிழவியும் கைகோத்து நிற்பது போல இருந்தது.

"உனக்கு நரைச்சுடுச்சு," என்றாள் குருவி அவனைப் பார்த்து.

"உனக்கும்தான்."

"அப்போ சரின்னு சொல்லு, சீக்கிரம். வயசாயிட்டே போகுது."

கொத்தனார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சாவியம்மா அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே வானம் மட்டும்தான் இருந்தது.